ஒரு மாத்திரையின் வழக்கு
சென்னையில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த பேட்டண்ட் தகராறு

ஒரே வியாதி, ஒரே மருந்து. ஒரு மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகள் ஒரு கம்பெனியில் ரூ.1,20,000. அதே மருந்து வேறு கம்பெனியில் ரூ.8,000 முதல் ரூ.10,000 வரை.

இது கள்ள மார்க்கெட் கணக்கு அல்ல. கோர்ட் ரிக்கார்டுகளில் ஏறிய கணக்கு. இந்த இரண்டு விலைகளில் எது நாட்டில் நிலைக்கப் போகிறது என்பது ஒரு வழக்கின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. 1998 ஜூலை 17ந் தேதி சென்னையில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1ந் தேதி டில்லியில் சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பில் முடிந்த வழக்கு அது.

ஒரு பக்கம் ஸ்விட்சர்லாந்து நாட்டின் நோவார்ட்டிஸ் கம்பெனி. உலகத்துப் பெரிய மருந்துக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. எதிர்ப் பக்கம் இந்திய சர்க்கார், சில இந்திய மருந்துக் கம்பெனிகள், புற்றுநோயாளிகளுக்கு உதவி செய்யும் ஒரு சங்கம். தகராறு எதைப் பற்றி? ஒரு மருந்துப் பொடியின் படிக உருவத்தைப் பற்றி!

கேட்பதற்கு அற்ப விஷயம்போல் தோன்றும். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உயிர் இருந்தது. ஒரு நாட்டின் சட்டம் இருந்தது. கண்டுபிடித்தவனுக்கு எவ்வளவு உரிமை, மற்றவர்களுக்கு எவ்வளவு உரிமை என்ற பழைய கேள்வியும் இருந்தது.

வியாதியும் மருந்தும்

ரத்தப் புற்றுநோய்களில் ஒரு வகை, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டே போகும் நாட்பட்ட நோய். மனித உடலின் அணுக்களில் உள்ள குரோமோசோம்களில் 9வது குரோமோசோமும் 22வது குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் இது வருகிறது. அப்படி உருமாறிய குரோமோசோமை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1960ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்த மாற்றத்தால் உடலில் ஒரு கோளாறான புரதம் உண்டாகிறது. 'பெருகு, பெருகு' என்று வெள்ளை அணுக்களுக்கு ஓயாமல் கட்டளையிடுவது அதுதான்.

இந்தக் கட்டளையை நிறுத்த ஒரு மருந்து கிடைக்காதா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். ஸ்விட்சர்லாந்தின் சீபா-கைகி கம்பெனியில் வேலை பார்த்த ஜிம்மர்மன் என்ற ரசாயன நிபுணரின் முயற்சியில் 'இமாட்டினிப்' என்ற பொருள் உருவாயிற்று. அமெரிக்காவில் டாக்டர் பிரையன் டிரூக்கர் அதை நோயாளிகளிடம் சோதித்தார். பலன் டாக்டர்களையே வியக்க வைத்தது. 2001 மே 10ந் தேதி அமெரிக்க சர்க்கார் அந்த மருந்தை விற்க அனுமதி வழங்கியது. 'கிளீவெக்' என்பது அதன் விற்பனைப் பெயர்.

அதுவரை இந்த நோய் கண்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை, கடும் பக்க விளைவுள்ள ஊசிகள் என்று வழிகள் குறைவு. இப்போதோ தினம் மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. ஆனால் ஒன்று: மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாதக் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் சாப்பிட வேண்டும். விலைப் பிரச்னை இங்கேதான் வருகிறது.

பேட்டண்ட் என்பது என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதன் ரகசியத்தை சர்க்காரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலத்துக்கு அவன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று சர்க்கார் காவல் நிற்கும். காலம் முடிந்தால் பொருள் ஊருக்குப் பொது. இதுதான் பேட்டண்ட். கண்டுபிடிப்பாளிக்கும் சமூகத்துக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல்.

சுதந்திரம் வந்த சமயம் நம் நாட்டில் இருந்தது 1911ம் வருஷத்து பிரிட்டிஷ் காலச் சட்டம். அதைப் பரிசீலனை செய்ய இந்திய சர்க்கார் 1957ல் ஜஸ்டிஸ் என்.ராஜகோபால ஐயங்காரை நியமித்தது. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து, பிறகு சுப்ரீம் கோர்ட் நீதிபதியானவர் அவர். 1959ல் அவர் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் சட்ட நிபுணர்கள் புரட்டிப் பார்க்கும் நூல். இந்தியாவில் வழங்கப்பட்ட பேட்டண்டுகளில் பத்தில் எட்டு ஒன்பது வெளிநாட்டினர் கையில் இருந்ததையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை அவர்கள் இந்தியாவில் தொழிலாக நடத்தவே இல்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். 'நானும் செய்யமாட்டேன், நீயும் செய்யக் கூடாது' என்பதுதான் நடைமுறை.

அந்த அறிக்கையின் அஸ்திவாரத்தில் எழுந்தது 1970ம் வருஷப் பேட்டண்ட் சட்டம். உணவுக்கும் மருந்துக்கும் பொருளின் பேரில் பேட்டண்ட் கிடையாது. செய்முறையின் பேரில் மட்டுமே உண்டு என்று அது விதித்தது. அதாவது, ஒருவர் செய்யும் வழியை மற்றவர் காப்பி அடிக்கக் கூடாது. வேறு வழி கண்டுபிடித்து அதே மருந்தைச் செய்யலாம். இந்தியாவில் மருந்துத் தொழில் வளர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலில்தான். மருந்து விலையும் ஏழைகளின் கைக்கு எட்டியது.

அஞ்சல் பெட்டிக்குள் தூங்கிய விண்ணப்பம்

1995 ஜனவரி 1ந் தேதி உலக வர்த்தக ஸ்தாபனம் ஏற்பட்டது. இந்தியா அதில் அங்கத்தினர். அங்கத்தினரானால் அதன் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும். மருந்துகளுக்கும் பொருளின் பேரில் பேட்டண்ட் கொடுத்தாக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அதற்குப் பத்து வருஷம் தவணை கிடைத்தது. அந்தப் பத்து வருஷத்தில் வரும் விண்ணப்பங்களை என்ன செய்வது? அவற்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு 2005ல் பரிசீலிப்பது என்று ஏற்பாடு. இதற்கு 'அஞ்சல் பெட்டி' என்றே பெயர்.

நோவார்ட்டிஸ் கம்பெனி 1998 ஜூலையில் சென்னைப் பேட்டண்ட் அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் இந்தப் பெட்டிக்குள்தான் போய் விழுந்தது. அது கேட்டது இமாட்டினிப் என்ற மூலப்பொருளுக்கு அல்ல. மூலப்பொருளை ஜிம்மர்மன் 1995க்கு முன்பே கண்டுபிடித்தாயிற்று. அமெரிக்காவில் 1996ல் பேட்டண்டும் வாங்கியாயிற்று. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்குப் பேட்டண்ட் இல்லாததால் அதற்கு இங்கே உரிமை இல்லை. ஆகவே கம்பெனி கேட்டது, அந்த மருந்தின் உப்பாகிய 'இமாட்டினிப் மெசைலேட்' என்பதன் 'பீட்டா' என்ற படிக உருவத்துக்கு.

சர்க்கரையும் கற்கண்டும் ஒரே சரக்கு. உருவம் வேறு. மழைக் காலத்தில் ஒன்று கசியும், இன்னொன்று கெட்டியாக நிற்கும். ரசாயனப் பொருள்களிலும் இப்படி உண்டு. ஒரே பொருள் வெவ்வேறு விதமாகப் படியும். பீட்டா படிகம் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, கெடாமல் நிற்கும், மாத்திரை அடிக்கும் மெஷினில் தடையில்லாமல் ஓடும். இவை மெய்யான நன்மைகள்தான். இந்த நன்மைகளுக்கு இருபது வருஷத் தனி உரிமை தகுமா என்பதுதான் வழக்கு.

அஞ்சல் பெட்டி திறக்கும் வரை கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2003 நவம்பரில், தனியாக விற்கும் தாற்காலிக உரிமையை வாங்கிக்கொண்டது. அதைக் காட்டி, மலிவாகச் செய்து விற்ற இந்தியக் கம்பெனிகள் சிலவற்றின் மேல் 2004ல் சென்னை ஹைகோர்ட்டில் தடை உத்தரவும் பெற்றது. பம்பாய் ஹைகோர்ட்டோ அத்தகைய தடையைக் கொடுக்க மறுத்துவிட்டது.

பார்லிமெண்டு வைத்த பூட்டு

2005 மார்ச்சில் பார்லிமெண்டு புதிய திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மருந்துக்கும் பேட்டண்ட் உண்டு என்று ஆயிற்று. ஆனால் விவாதத்தின்போது அங்கத்தினர்கள் பலர் ஒரு பயத்தை வெளியிட்டார்கள். ஒரு மருந்தின் பேட்டண்ட் முடியும் தறுவாயில், அதையே கொஞ்சம் மாற்றி, உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, 'இது புதிது' என்று சொல்லி இன்னொரு இருபது வருஷம் வாங்கிவிட்டால்? அப்புறம் அந்த மருந்து எந்தக் காலத்தில் பொதுவாகும்?

இந்தப் பயத்துக்குப் பரிகாரமாகத்தான் 3(டி) என்ற உட்பிரிவைக் கடுமையாக்கினார்கள். அதன் சாரம் இது: தெரிந்த ஒரு பொருளின் புது உருவம், அந்தப் பொருளின் பலன் தரும் சக்தியை உயர்த்தாவிட்டால், அது கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு, படிகம், துகளின் அளவு போன்ற மாறுதல்கள் எல்லாம் அதே பொருள் என்றே கருதப்படும். பலனில் கணிசமான வித்தியாசம் இருந்தால்தான் விலக்கு.

ஐந்து ஆட்சேபங்கள்

பெட்டி திறந்தது. பேட்டண்ட் வழங்குவதற்கு முன்பே யாரும் ஆட்சேபம் சொல்லலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. நோவார்ட்டிஸ் விண்ணப்பத்துக்கு ஐந்து ஆட்சேபங்கள் வந்தன. நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்டரோ என்ற நான்கு கம்பெனிகள். ஐந்தாவது, புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம். கம்பெனிகளுக்கு வியாபாரம் முக்கியம். சங்கத்துக்கு மாதா மாதம் மாத்திரை வாங்க வேண்டிய நோயாளிகள் முக்கியம்.

2005 டிசம்பரில் விசாரணை நடந்தது. 2006 ஜனவரி 25ந் தேதி உதவிக் கண்ட்ரோலர் விண்ணப்பத்தைத் தள்ளினார். இது முன்பே தெரிந்த சங்கதி. 3(டி) பிரிவும் குறுக்கே நிற்கிறது என்பது அவர் முடிவு.

பீஸோடு ஒரு விண்ணப்பம் போட்டு, அது தள்ளுபடியானால் சாதாரண ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். இது சாதாரண விண்ணப்பம் அல்ல. இதற்குப் பின்னால் உலக மார்க்கெட்டே இருந்தது.

ஹைகோர்ட்டில் இரண்டு கேள்விகள்

கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனுக்கள் போட்டது. ஒன்று, கண்ட்ரோலர் உத்தரவு தப்பு என்பது. இன்னொன்று, 3(டி) பிரிவே செல்லாது என்பது. இரண்டாவதுதான் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 'பலன் தரும் சக்தி' என்ற சொற்களுக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை. அதிகாரி இஷ்டப்படி தள்ளலாம், கொள்ளலாம். இது அரசியல் சட்டத்தின் 14வது பிரிவு கூறும் சமத்துவத்துக்கு விரோதம். உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கும் விரோதம் என்று கம்பெனி வாதித்தது.

2007 ஆகஸ்ட் 6ந் தேதி நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் தீர்ப்புக் கூறினார்கள். ஒப்பந்தத்தை மீறியதாகப் புகார் இருந்தால் அதைத் தீர்க்க உலக வர்த்தக ஸ்தாபனத்திலேயே தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கே போகட்டும் என்றார்கள். 'பலன்' என்ற சொல் விளங்காத சொல் அல்ல, மருத்துவ அகராதியைப் பிரித்தால் தெரியும். ஒரு மருந்து, நோயைக் குணப்படுத்துவதில் காட்டும் சக்தியே பலன் என்றும் சொன்னார்கள். 3(டி) பிழைத்தது. இந்தத் தீர்ப்பின் மேல் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போகவில்லை. சட்டம் செல்லும் என்பது அத்துடன் நிலைபெற்றது.

மிச்சம் இருந்த முதல் கேள்வி, அறிவுச் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கும் தலைமை ஸ்தானம் சென்னைதான்.

வாரியத்தில் யார் உட்காருவது?

பேட்டண்ட் வழக்கில் ரசாயனம், பௌதிகம் எல்லாம் வரும். ஆகவே வாரியத்தில் சட்டம் தெரிந்தவரோடு தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஸ்தானத்தில் இருந்தவர் யார் தெரியுமா? விண்ணப்பம் தள்ளுபடியான காலத்தில் பேட்டண்ட் இலாகாவுக்கே தலைவராக இருந்தவர்! ஹைகோர்ட்டில் இதே விவகாரத்தில் பிரமாணப் பத்திரமும் கொடுத்தவர். 'இவர் முன்னால் எங்கள் அப்பீலா?' என்று நோவார்ட்டிஸ் ஆட்சேபித்தது. அவர் இல்லாமலே விசாரிக்கலாமா என்பதில் அடுத்த தகராறு. அது ஹைகோர்ட்டுக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டையும் எட்டி, கடைசியில் வேறொருவரை நியமித்த பிறகே ஓய்ந்தது. மருந்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன.

2009 ஜூன் 26ந் தேதி வாரியத்தின் உத்தரவு வந்தது. அது ஆளுக்குப் பாதி என்கிற மாதிரி இருந்தது. பீட்டா படிகம் புதிதுதான், அதைச் செய்ததில் அறிவு முயற்சியும் இருக்கிறது என்று கம்பெனிக்குச் சாதகமாக ஒரு பகுதி. ஆனாலும் 3(டி) பிரிவின் கீழ்ப் பொருளுக்குப் பேட்டண்ட் இல்லை. செய்முறைக்கு வேண்டுமானால் உண்டு என்று மறு பகுதி. மாதம் ரூ.1,20,000 என்ற விலையையும் வாரியம் குறிப்பிட்டு, ஏழைகளுக்கு எட்டாத அந்த விலை பொது ஒழுங்குக்கே கேடு என்ற அளவுக்குப் போயிற்று.

இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை. பொருளுக்கு உரிமை கிடைக்கவில்லை என்று நோவார்ட்டிஸுக்குக் குறை. புதிது என்று ஒப்புக்கொண்டார்களே என்று எதிர்த்தரப்புக்குக் குறை. இரண்டு பக்கமும் டில்லிக்கு வண்டி ஏறின.

உச்ச வாசல்

ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வழிகள் பல. அரசியல் சட்டத்தின் 136வது பிரிவு அவற்றில் விசேஷமானது. எந்தக் கோர்ட், எந்த வாரியம் கொடுத்த உத்தரவானாலும், 'நாங்கள் கேட்கிறோம்' என்று தனி அனுமதி கொடுக்க அந்தப் பிரிவு சுப்ரீம் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அது கட்சிக்காரனின் உரிமை அல்ல, கோர்ட்டின் விருப்பம். நோவார்ட்டிஸ் இந்தப் பிரிவின் கீழ் நேராகவே வந்தது.

இதைக் கோர்ட் ரசிக்கவில்லை. நடுவில் ஹைகோர்ட் இருக்கும்போது அதைத் தாண்டிக் குதித்து வருவதை ஊக்குவிக்க முடியாது என்று பிற்பாடு தீர்ப்பிலேயே கண்டிப்பாக எழுதியது. இந்த ஒரு வழக்கில் மட்டும் இடம் கொடுத்ததற்குக் காரணம், கடிகாரம். பேட்டண்டின் ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து இருபது வருஷம். 1998ல் போட்டது 2018ல் முடிந்துபோகும். ஹைகோர்ட்டுக்கு அனுப்பினால், அங்கே யார் தோற்றாலும் மறுபடி இங்கேதான் வருவார்கள். அதற்குள் உரிமையின் காலமே தீர்ந்துவிடும். சட்டப் பிரச்னையும் முக்கியமானது. ஆகவே தாமே தீர்ப்பதென்று கோர்ட் முடிவு செய்தது.

இங்கேயும் பெஞ்ச் அமைவதில் தாமதம். 2011 செப்டம்பரில் நீதிபதி தல்வீர் பண்டாரி இந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். அறிவுச் சொத்து பற்றிய மாநாடுகளில் அவர் கலந்துகொண்டது குறித்துப் பேச்சு எழுந்திருந்தது. சந்தேகத்தின் நிழல்கூட இருக்கக் கூடாது என்பது கோர்ட்டுகளின் மரபு. பிறகு நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் இருவர் முன்னிலையில் 2012 செப்டம்பரில் கடைசி விசாரணை தொடங்கி டிசம்பர் வரை நடந்தது.

நோவார்ட்டிஸுக்காகக் கோபால் சுப்ரமணியமும் டி.ஆர்.அந்தியாருஜினாவும் வாதாடினார்கள். இருவரும் சாலிசிட்டர் ஜெனரல் பதவி வகித்தவர்கள். நோயாளிகள் சங்கத்துக்காக ஆனந்த் குரோவர். எந்தக் கட்சியையும் சேராத சட்டப் பேராசிரியர் ஷம்னாத் பஷீருக்கும் தம் கருத்தைச் சொல்லக் கோர்ட் இடம் கொடுத்தது. சட்டத்தின் பொருள் குழப்பமாக இருக்கும்போது, லாப நஷ்டம் இல்லாத அறிஞர் ஒருவரின் உதவியைக் கோர்ட் ஏற்பது வழக்கம்.

சொந்தக் காகிதமே சாட்சி

கோர்ட்டின் முன் முதல் கேள்வி: பீட்டா படிகத்தை எதனோடு ஒப்பிடுவது?

'இமாட்டினிப் என்ற மூலப்பொருளோடு ஒப்பிடுங்கள்' என்றது நோவார்ட்டிஸ். 'ஜிம்மர்மன் கண்டது அதைத்தான். அதிலிருந்து உப்பு, உப்பிலிருந்து பீட்டா படிகம் என்று நாங்கள் இரண்டு படி ஏறியிருக்கிறோம்.'

'அப்படி அல்ல, உப்பும் ஜிம்மர்மன் பேட்டண்டிலேயே அடக்கம். நீங்கள் ஏறியது ஒரே படி' என்றது எதிர்த்தரப்பு.

இந்த இடத்தில்தான் கம்பெனியின் சொந்தக் காகிதங்கள் அதற்கு எதிராக எழுந்து நின்றன. அமெரிக்காவில் மருந்து விற்க 2001ல் அனுமதி கேட்டபோது, இந்த மருந்துக்கு ஆதாரமான பேட்டண்ட் என்று கம்பெனி காட்டியது ஜிம்மர்மன் பேட்டண்டை. பிறகு பேட்டண்டின் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோதும் அதையே காட்டியது. 2004ல் நாட்கோ கம்பெனி இங்கிலாந்தில் இந்த உப்பை விற்க முற்பட்டபோது, 'எங்கள் ஜிம்மர்மன் பேட்டண்டை மீறுகிறாய்' என்று வக்கீல் நோட்டீஸ் விட்டதும் நோவார்ட்டிஸ்தான்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உப்பு பழைய பேட்டண்டுக்குள் அடக்கம். இந்தியாவுக்கு வந்தால் மட்டும் அது புதிதா? கம்பெனி இதற்கு ஒரு நுட்பமான பதில் வைத்திருந்தது. ஒரு பேட்டண்ட் வேலி போட்டு வளைத்த இடம் வேறு, அது உலகத்துக்கு வெளிப்படுத்திய விஷயம் வேறு. வேலி பெரிதாக இருக்கலாம், வெளிப்படுத்தியது சிறிதாக இருக்கலாம் என்றது. கோர்ட் இதை ஏற்கவில்லை. உரிமை கொண்டாடுவதற்குப் பெரிய வேலி, ரகசியத்தைச் சொல்வதற்குச் சின்ன வாய் என்றால் பேட்டண்டின் அடிப்படைப் பேரமே கெட்டுவிடும். உரிமையின் எல்லை கண்டுபிடிப்பின் தகுதியைப் பொறுத்திருக்க வேண்டும். விண்ணப்பம் எழுதுகிறவரின் சாமர்த்தியத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் கருத்து.

ஆக, இமாட்டினிப் மெசைலேட் என்ற உப்பு ஏற்கெனவே தெரிந்த பொருள் என்று தீர்ந்தது.

குணமா, சௌகரியமா?

அடுத்த கேள்விதான் வழக்கின் உயிர்நாடி. தெரிந்த அந்த உப்பைக் காட்டிலும் அதன் பீட்டா படிகத்துக்குப் பலன் அதிகமா?

படிகம் நன்றாக ஓடுகிறது, நிலைத்து நிற்கிறது, ஈரம் இழுப்பதில்லை என்று கம்பெனியின் நிபுணர்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். கோர்ட் சொன்னது: இவை மருந்து தயாரிப்பவருக்கும் சேமித்து வைப்பவருக்கும் சௌகரியம். நோயாளியின் உடலில் நோயை எதிர்ப்பதற்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. மருந்து விஷயத்தில் பலன் என்றால் நோய் தீர்க்கும் பலன்தான்.

கம்பெனியிடம் இன்னொரு பாணமும் இருந்தது. மருந்து ரத்தத்தில் சேரும் அளவு 30 சதவிகிதம் அதிகம் என்று எலிகளிடம் நடத்திய சோதனை. ஆனால் இந்தச் சோதனையில் பீட்டா படிகத்தை ஒப்பிட்டது மூலப்பொருளோடு. தெரிந்த உப்போடு அல்ல. தவிரவும், ரத்தத்தில் அதிகம் சேர்ந்ததால் நோய் அதிகம் குணமாகிறதா என்பதைத் தனியாக ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். சேர்ந்தது என்று சொன்னால் மட்டும் போதாது என்று நீதிபதிகள் கூறினார்கள். அப்படிக் காட்டும் ஆதாரம் கோர்ட்டின் முன் இல்லை.

நோவார்ட்டிஸின் அப்பீல் செலவுத் தொகையோடு தள்ளுபடி. எதிர்த்தரப்பின் அப்பீல்கள் அனுமதி. நூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட தீர்ப்பு.

தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

இந்தத் தீர்ப்பைப் பற்றி இரண்டு தப்பபிப்பிராயங்கள் பரவின. ஒன்று, விலை அதிகம் என்பதற்காகப் பேட்டண்டை மறுத்தார்கள் என்பது. விலையைப் பற்றி வாரியம் பேசியது உண்மை. சுப்ரீம் கோர்ட்டோ கண்டுபிடிப்பா இல்லையா, 3(டி) பிரிவைத் தாண்டுகிறதா இல்லையா என்ற சட்டக் கேள்விகளின் பேரில்தான் முடிவு செய்தது. இன்னொன்று, இனிமேல் பழைய மருந்தில் செய்யும் எந்த அபிவிருத்திக்கும் இந்தியாவில் பேட்டண்ட் கிடைக்காது என்பது. அதையும் தீர்ப்பு சொல்லவில்லை. படிப்படியான முன்னேற்றம் எல்லாவற்றுக்கும் கதவை அடைத்ததாகக் கொள்ளக் கூடாது என்று நீதிபதிகளே எச்சரித்தார்கள். நோயாளிக்கு அதிகப் பலன் என்று நிரூபித்தால் கதவு திறக்கும்.

கம்பெனியின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மருந்து பலித்தால், பலிக்காத மருந்துகள் பலவற்றின் செலவையும் அதுவே சுமக்க வேண்டும். ஏறக்குறைய 40 நாடுகளில் பீட்டா படிகத்துக்குப் பேட்டண்ட் கிடைத்திருக்கிறது என்றும், இந்தியாவில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகவே கொடுத்து வருகிறோம் என்றும் நோவார்ட்டிஸ் சுட்டிக்காட்டியது. ஆராய்ச்சிக்கு இது உற்சாகம் தராது என்பது அதன் குறை. அதற்கு நோயாளிகள் சங்கத்தார் சொன்ன பதிலும் உண்டு: இலவசம் கம்பெனியின் தயவைப் பொறுத்தது, மலிவு விலை சட்டத்தைப் பொறுத்தது. தயவு இன்று இருக்கும், நாளை இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

தீர்ப்புக்குப் பிறகு இந்தியக் கம்பெனிகள் இமாட்டினிப் மாத்திரையைத் தடையின்றிச் செய்து விற்றன. இந்தியாவின் 3(டி) போன்ற ஒரு விதியைப் பிலிப்பைன்ஸ் நாடு 2008லேயே தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது.

வழக்கின் நடுவே இத்தனை சண்டைக்கு இடமான மேல்முறையீட்டு வாரியம் 2021ல் கலைக்கப்பட்டுவிட்டது. கண்ட்ரோலர் உத்தரவின் மேல் அப்பீல் இப்போது நேராக ஹைகோர்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து சுப்ரீம் கோர்ட். படிகளில் ஒன்று குறைந்திருக்கிறது.

நோவார்ட்டிஸ் விண்ணப்பம் 1998ல் போட்ட அன்றே அனுமதிக்கப்பட்டிருந்தாலும் அந்த உரிமை 2018 ஜூலையில் காலாவதி ஆகியிருக்கும். அந்த இருபது வருஷத்தில் ஏறத்தாழ பதினைந்து வருஷம் அலுவலகம், ஹைகோர்ட், வாரியம், சுப்ரீம் கோர்ட் என்று கடந்துபோயிற்று. பேட்டண்ட் வழக்கில் காலம்தான் சொத்து. அது வாய்தா வாய்தாவாகக் கரைகிறது. ஆயினும் இந்த வழக்கில் செலவான காலம் வீண் போகவில்லை. ஒரு மருந்தில் எது புதிது என்று கேட்டால், மாத்திரை செய்யும் மெஷினைப் பார்க்காதே, மாத்திரை சாப்பிடும் நோயாளியைப் பார் என்ற விதி அதனால் நாட்டுக்குக் கிடைத்தது. அடுத்து வரும் மருந்துகள் எல்லாம் அந்தத் தராசில்தான் ஏறி இறங்க வேண்டும்.